பெயர் எழுதாத விடைத்தாள்

1990களில் ரேக்யவிக் நகரின் மையத் தெருக்களில் வெள்ளிக்கிழமை இரவு நடந்துபோகப் பெரியவர்களே தயங்கினார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் குடித்துவிட்டுத் திரிந்தார்கள். ஐஸ்லாந்து சின்னஞ்சிறிய நாடு. அன்றைக்கு அதன் மக்கள்தொகை மூன்று லட்சத்தைக்கூட எட்டவில்லை. மதுரை மாநகரைவிட மிகக் குறைவான மக்கள் வாழ்ந்த அந்த நாட்டின் வளரிளம் பருவத்தினர், ஐரோப்பாவிலேயே மிக அதிகமாகக் குடிப்பவர்களின் வரிசையில் இருந்தார்கள்.

1998இல் எடுத்த கணக்கெடுப்பில், 15, 16 வயது மாணவர்களில் 42 விழுக்காட்டினர் முந்தைய 30 நாட்களில் ஒருமுறையாவது போதை ஏறக் குடித்திருந்தார்கள். 23 விழுக்காட்டினர் தினமும் புகைத்தார்கள். 17 விழுக்காட்டினர் கஞ்சாவைத் தொட்டுப் பார்த்திருந்தார்கள். 2016இல் இதே கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள்: 5, 3, 7.

பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் பழக்கமே மாறியிருக்கிறது. இதற்குப் பின்னால் புது மருந்து எதுவும் இல்லை. இருந்தவை வகுப்பறையில் உட்கார்ந்து பிள்ளைகள் நிரப்பிய வினாத்தாள்களும், அவற்றின் விடைகளைப் பெரியவர்கள் படித்த விதமும்தான். இந்த அத்தியாயம் அந்தப் படிப்பைப் பற்றியது. மாணவர் உடல்நலக் கணக்கெடுப்பு என்றதும் அட்டவணைகள் நிறைந்த தடித்த அறிக்கை ஒன்று நினைவுக்கு வந்து நமக்குச் சலிப்பு தட்டுகிறது. அந்த அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும், வேறு எவரிடமும் சொல்லாத ஒன்றை நம்பிச் சொன்ன பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் என்ன செய்தோம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1992இல் ஐஸ்லாந்தின் எல்லாப் பள்ளிகளிலும் 14 முதல் 16 வயது மாணவர்களிடம் வினாத்தாள் கொடுக்கப்பட்டது. 1995இலும் 1997இலும் அது திரும்பவும் நடந்தது. நீ குடித்திருக்கிறாயா, கடைசியாக எப்போது, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்ற கேள்விகள் எந்த நாட்டிலும் கேட்கப்படுபவை. ஐஸ்லாந்தின் ஆய்வாளர்கள் அவற்றோடு வேறு சிலவற்றையும் கேட்டார்கள். வாரத்தில் எவ்வளவு நேரம் அப்பா அம்மாவோடு இருக்கிறாய்? நீ இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியுமா? பள்ளி விட்ட பிறகு என்ன செய்கிறாய்? உன்மீது அக்கறை கொண்டவர்கள் பள்ளியில் இருக்கிறார்களா?

இந்த இரண்டாம் வகைக் கேள்விகள்தான் எல்லாவற்றையும் மாற்றின. அதுவரை உலகமெங்கும் பள்ளிகளில் நடந்த போதைத் தடுப்பு வேலையின் அடிப்படை ஒன்றே: பிள்ளைகளுக்கு ஆபத்து தெரியவில்லை, தெரிவித்தால் விலகிவிடுவார்கள். 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி அமெரிக்கா முழுவதும் பரவிய 'டேர்' திட்டத்தில் சீருடை அணிந்த காவலர்கள் வகுப்பறைக்கே வந்து பாடம் நடத்தினார்கள். பெற்றோருக்குப் பிடித்தது, ஆசிரியர்களுக்குப் பிடித்தது, அரசியல்வாதிகளுக்கும் பிடித்தது. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் மிகச் சிறிய வேறுபாடே தெரிந்தது.

ஐஸ்லாந்தின் விடைத்தாள்கள் வேறொரு பக்கம் கை காட்டின. குடிக்காத, புகைக்காத பிள்ளைகளிடம் சில பொதுத்தன்மைகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. அவர்கள் வாரத்தில் மூன்று நான்கு முறை ஏதாவது ஒரு சங்கத்திலோ விளையாட்டுக் குழுவிலோ, பயிற்றுநரின் கண்காணிப்பில் நேரம் செலவிட்டார்கள். வார நாட்களில் பெற்றோரோடு கூடுதல் நேரம் இருந்தார்கள். பள்ளியில் தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்று உணர்ந்தார்கள். இரவு நேரங்களில் வெளியே சுற்றவில்லை. சமூகவியலாளர் இங்கா டோரா சிக்ஃபுஸ்டோட்டிரும் அவருடைய சகாக்களும் இந்தத் தொடர்புகளை ஆண்டுக்காண்டு சரிபார்த்தார்கள். அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஹார்வி மில்க்மன் ஏற்கெனவே ஒன்றை வலியுறுத்தி வந்திருந்தார்: போதையில் தேடும் பரவசத்தை இசையிலும் நடனத்திலும் விளையாட்டிலும் அடைய வழி கொடுத்தால் இளைஞர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். இரண்டு சிந்தனைகளும் ஐஸ்லாந்தில் சந்தித்தன.

குற்றத்தை மட்டும் கேட்கும் வினாத்தாளில் குற்றவாளிகள்தான் கிடைப்பார்கள். சூழலையும் சேர்த்துக் கேட்டால், மாற்றக்கூடிய ஏதோவொன்று கிடைக்கும். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் இதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை.

ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை உண்மையைத்தான் எழுதும் என்று எப்படி நம்புவது? இந்தச் சந்தேகம் எல்லாருக்கும் வரும். ஆய்வாளர்களுக்கும் வந்தது, அதனால்தான் அவர்கள் சில ஏற்பாடுகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். தாளில் பெயர் கிடையாது, வரிசை எண் கிடையாது. எழுதி முடித்ததும் மாணவரே உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கிறார். ஆசிரியர் வரிசைகளுக்கிடையே நடந்து எட்டிப் பார்க்கக் கூடாது. 'எப்போதாவது' என்று கேட்பதோடு நிறுத்தாமல் 'கடந்த 30 நாட்களில்' என்றும் கேட்கிறார்கள், ஏனென்றால் நினைவு நெடுங்காலத்துக்கு நம்பகமாக நிற்பதில்லை. ஓரிடத்தில் 'குடித்ததே இல்லை' என்றும் இன்னோரிடத்தில் 'போன வாரம் குடித்தேன்' என்றும் குறித்த தாள்கள் தனியே எடுக்கப்படுகின்றன.

இன்னொரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. 1995இல் தொடங்கிய ஐரோப்பியப் பள்ளி மாணவர் கணக்கெடுப்பில் ஐஸ்லாந்தும் பங்கேற்றது. அதில் போதைப் பொருட்களின் பட்டியலில் 'ரெலெவின்' என்று ஒரு பெயர் இருந்தது. அப்படி ஒரு பொருள் உலகத்திலேயே இல்லை. வீரம் காட்டுவதற்காக எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடும் பிள்ளைகள் எவ்வளவு பேர் என்று அளக்கவே அந்தப் பெயரைப் புனைந்தார்கள். ரெலெவினுக்கு 'ஆமாம்' போட்டவர்கள் மிகச் சிலரே. வாக்குக் கொடுத்தபடி ரகசியம் காக்கப்படும் இடத்தில், பெரும்பாலான பிள்ளைகள் நேர்மையாகவே எழுதுகிறார்கள்.

ஓட்டைகளும் உண்டு. அன்றைக்குப் பள்ளிக்கு வராத பிள்ளை கணக்கில் வருவதில்லை. பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குத்தான் நம் கவனம் அதிகம் தேவை. பெற்றோர் எழுத்துமூலம் ஒப்புதல் தந்தால் மட்டுமே பங்கேற்கலாம் என்று விதித்தால் பங்கேற்பு பெருமளவு சரிகிறது, அப்படி விடுபடுபவர்களில் இக்கட்டில் இருக்கும் பிள்ளைகளே அதிகம். ஐஸ்லாந்தில் பெற்றோருக்கு முன்கூட்டியே தகவல் போகிறது. வேண்டாம் என்பவர்கள் சொல்லிவிடலாம், சொல்லாதவர்களின் பிள்ளைகள் எழுதுகிறார்கள். மாதிரிக்குச் சில பள்ளிகளைத் தேர்ந்தெடுக்காமல் குறிப்பிட்ட வகுப்புகளில் படிக்கும் எல்லாரிடமும் கேட்கிறார்கள். நாடு சிறியதாக இருப்பதன் வசதி அது. இந்த வசதியிலிருந்துதான் அடுத்த கட்டம் பிறந்தது.

வினாத்தாள் சேகரித்து முடிந்த இரண்டே மாத அளவில், ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் அதனதன் முடிவு போய்ச் சேருகிறது. நாட்டின் சராசரியைத் தெரிந்துகொண்டு எந்தத் தலைமையாசிரியரும் எதுவும் செய்துவிட முடியாது. 'ஐஸ்லாந்தில் 42 விழுக்காடு' என்றால் எந்தப் பெற்றோரும் அது அடுத்த தெருப் பிள்ளைகளின் கணக்கு என்றுதான் நினைப்பார். 'நம் பள்ளியில், நம் பத்தாம் வகுப்பில்' என்று வாசிக்கும்போது நினைப்பு மாறுகிறது. பள்ளியின் கூட்டத்தில் அந்தத் தாள் விரிக்கப்படுகிறது. போன கணக்கெடுப்பில் இருந்தது என்ன, இப்போது என்ன, இரவு பத்து மணிக்கு மேல் வெளியே இருப்பதாகச் சொன்னவர்கள் எவ்வளவு பேர் என்று பேசுகிறார்கள். தன் பிள்ளை என்ன எழுதியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த எண்ணுக்குள் தன் பிள்ளையும் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

அங்கிருந்து காரியங்கள் நடந்தன. பெற்றோர் தங்களுக்குள் எழுத்து ஒப்பந்தங்கள் போட்டுக்கொண்டார்கள்: பெரியவர் இல்லாத வீட்டில் விருந்து வைக்க விடமாட்டோம், வயது வராத பிள்ளைகளுக்கு மது வாங்கித் தரமாட்டோம், மற்றவர்களின் பிள்ளைகள்மீதும் ஒரு கண் வைப்போம். ஒரு வீட்டில் மட்டும் கண்டிப்பு இருந்தால் 'எல்லாரும் போகிறார்களே' என்று பிள்ளை கேட்கும். எல்லா வீட்டிலும் ஒரே விதி என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. வெள்ளி, சனி இரவுகளில் பெற்றோர் குழுக்கள் தெருக்களில் நடந்து வந்தன.

சட்டங்களும் மாறின. 1998 தொடக்கம் முதல், பெற்றோரின் பொறுப்பிலிருந்து பிள்ளை விடுபடும் வயது 16இலிருந்து 18 ஆனது. 12 வயது வரையுள்ளவர்கள் இரவு 8 மணிக்கு மேலும், 13 முதல் 16 வயது வரையுள்ளவர்கள் 10 மணிக்கு மேலும் பெரியவர் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது. நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும் கோடை மாதங்களில் இரண்டு மணி நேரம் கூடுதல். மது, புகையிலை விளம்பரங்களுக்குத் தடை இருந்தது. 2001இல் கடைகளில் சிகரெட்டைக் கண்ணில் படும்படி அடுக்குவதையும் தடை செய்தார்கள்.

தடைகளை மட்டும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் இதை நான் இவ்வளவு மதித்திருக்க மாட்டேன். பிள்ளையைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் தள்ளுவது எளிது. போவதற்கு ஓர் இடம் கொடுப்பதற்குத்தான் காசு வேண்டும், மனமும் வேண்டும். நாட்டின் முதல் முழு அளவு உள்ளரங்கக் கால்பந்துத் திடல் 2000இல் கெஃப்லவிக்கில் திறக்கப்பட்டது, பிறகு வேறு ஊர்களிலும் வந்தன. மாதக்கணக்கில் இருட்டும் பனிக்காற்றுமாக இருக்கும் நாட்டில் கூரைக்கடியில் ஒரு திடல் என்றால், குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் போக்கிடம் கிடைத்தது என்று பொருள். விளையாட்டு, இசை, நடனம், ஓவியம் எதற்கும் சங்கங்கள் இருந்தன, ஆனால் கட்டணம் எல்லாருக்கும் கட்டுப்படியாகவில்லை. ரேக்யவிக் நகரம் 2007இல் ஓய்வுநேர அட்டையைக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை கிடைத்தது. பெற்றோர் அதை எந்தச் சங்கத்தின் கட்டணத்துக்கும் பயன்படுத்தலாம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் செல்லோ கற்கும் வழி திறந்தது.

1997க்கும் 2012க்கும் இடையில், வார நாட்களில் அடிக்கடியோ எப்போதுமோ பெற்றோரோடு நேரம் செலவிடுவதாகச் சொன்ன 15, 16 வயதினர் 23 விழுக்காட்டிலிருந்து 46 ஆனார்கள். வாரத்தில் நான்கு முறையாவது முறையான விளையாட்டுப் பயிற்சிக்குப் போனவர்கள் 24இலிருந்து 42 ஆனார்கள். குடிப்பழக்கம் குறைந்ததைவிட இந்த இரண்டு எண்களும் எனக்கு அதிக மகிழ்ச்சி தருகின்றன. எந்தக் காரணிகளை மாற்ற நினைத்தார்களோ அவையே மாறின என்பதற்கு இவை சாட்சி.

இதை நிரூபணம் என்று சொல்லலாமா? அறிவியல் நூல் என்றால் இங்கே நின்று யோசிக்கத்தான் வேண்டும். ஒரு பாதி ஊர்களில் திட்டத்தை நடத்தி மறுபாதியில் நடத்தாமல் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, ஒரு நாடு முழுவதும் ஒரே சமயத்தில் மாறியது. அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளின் குடிப்பழக்கம் குறைந்தது, அங்கெல்லாம் ஐஸ்லாந்தின் திட்டம் இல்லை. ஆகவே சரிவு முழுவதையும் இந்தத் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் ஐஸ்லாந்தின் சரிவு மற்ற நாடுகளைவிடச் செங்குத்தானது, முன்னதாகவே தொடங்கியது. திட்டத்துக்கு அதில் கணிசமான பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். பங்கு எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிக்கத் தரவுகள் இடம் தரவில்லை.

முடிவுகள் பள்ளிக்குத் திரும்பி வரும் வேகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கா 1991 முதல் உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் இரண்டாண்டுக்கு ஒருமுறை நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்துகிறது. உலகின் மிகச் சிறந்த கணக்கெடுப்புகளில் ஒன்று அது. 2021இல் எடுத்த சுற்றில் மாணவிகளில் 57 விழுக்காட்டினர் தொடர்ச்சியான சோகத்தையோ நம்பிக்கையின்மையையோ உணர்ந்ததாகச் சொன்னார்கள். மாணவர்களில் அது 29 விழுக்காடு. நாடே அதிர்ந்தது. ஆனால் அந்த முடிவு 2023 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அந்தத் தாளை நிரப்பிய மாணவி அப்போது பள்ளியை விட்டே போய்விட்டாள்.

மெதுவாக வரும் தேசியக் கணக்குக்கும் வேலை இருக்கிறது, அது சட்டமன்றத்துக்கு உதவும். அதே கணக்கெடுப்பின் 2015 சுற்றில் 72.7 விழுக்காடு மாணவர்கள் பள்ளி நாட்களில் எட்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்று தெரிந்தது. வளரிளம் பருவத்தில் உடற்கடிகாரம் தள்ளிப்போவதால் பிள்ளைகளுக்கு இரவில் தாமதமாகவே தூக்கம் வருகிறது. சோம்பல் என்று அதைத் திட்டிப் பயனில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் காலை 8.30க்கு முன் பள்ளியைத் தொடங்க வேண்டாம் என்று 2014இலேயே பரிந்துரைத்திருந்தது. சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப்பள்ளிகளின் தொடக்கத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது. மணிக்கட்டில் கட்டிய கருவிகளால் அளந்தபோது மாணவர்கள் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியது தெரிந்தது. 2019இல் கலிஃபோர்னியா சட்டமே இயற்றியது, 2022 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. மணி அடிக்கும் நேரத்தை ஒரு மாநிலம் முழுவதும் மாற்றப் பெரிய எண் வேண்டும். ஒரு பள்ளியின் பின்பக்கச் சுவரோரம் நடப்பதை மாற்ற அந்தப் பள்ளியின் எண் வேண்டும்.

இந்தியாவில் 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்றில் 987 பள்ளிகளின் 97,302 மாணவர்கள் பங்கேற்றார்கள். 13 முதல் 15 வயது வரையுள்ளவர்களில் ஏறத்தாழ 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். தமிழ்நாடு உட்பட மாநிலவாரிக் கணக்கும் கிடைத்தது. கொள்கை வகுப்பவர்களுக்கு இது பெரிய கொடை. ஆனால் தென்காசிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியை, தன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் எத்தனை பேர் 'கூல் லிப்' என்ற புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்குள் வைக்கிறார்கள் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. அவருக்கு வேண்டியது அவருடைய வகுப்புகளின் கணக்கு, அதுவும் அந்தப் பையன்கள் பள்ளியை விட்டுப் போவதற்கு முன்.

பள்ளிவாரிக் கணக்கு எடுத்தால் ஒன்றைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். எந்தப் பள்ளி மோசம் என்று பட்டியல் போட்டு நாளிதழில் வெளியிடக் கூடாது. தேர்ச்சி விழுக்காட்டைப் போல இதையும் தரவரிசை ஆக்கினால், அடுத்த ஆண்டு எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பிள்ளைகளும் நல்லவர்களாக இருப்பார்கள். எப்படி நிரப்ப வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உண்மை வரும் வழியே அடைபட்டுவிடும். ஒரு வகுப்பில் பத்துப் பேர்தான் என்றால் அந்த வகுப்பின் கணக்கைத் தனியே காட்டவும் கூடாது, யாரென்று ஊகித்துவிடுவார்கள்.

ஐஸ்லாந்தின் வெற்றிக் கதைக்குள் ஒரு வேதனையும் இருக்கிறது, அதையும் வினாத்தாள்தான் காட்டிக் கொடுத்தது. குடியும் புகையும் சரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1997க்கும் 2006க்கும் இடையில், மாணவிகளிடம் மனச்சோர்வு, பதற்றத்தின் அறிகுறிகள் கூடிக்கொண்டிருந்தன. கொரோனாக் காலத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2016, 2018, 2020 ஆண்டுகளில் 59,701 பேரின் விடைகளை ஒப்பிட்ட ஆய்வு, மனச்சோர்வு அறிகுறிகள் அதிகரித்ததையும், பெண் பிள்ளைகளிடம் அது கூடுதலாக இருந்ததையும், அதே நேரத்தில் சிகரெட்டும் மதுவும் குறைந்ததையும் கண்டது. விளையாட்டுத் திடலும் பெற்றோர் ஒப்பந்தமும் குடியைக் குறைக்கும், மனத்தின் பாரத்தைக் குறைக்க அவை மட்டும் போதவில்லை. ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் இந்த இரண்டாவது கதை கண்ணில் பட்டது. முதல் வெற்றியோடு கணக்கெடுப்பை நிறுத்தியிருந்தால் அந்தப் பெண் பிள்ளைகள் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்கள்.

மனநலக் கேள்வி என்றதும் நம் பள்ளிகளில் ஓர் அச்சம் எழும். உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்ததுண்டா என்று கேட்டால், நினைக்காத பிள்ளைக்கும் அந்த நினைப்பு வந்துவிடாதா? அக்கறையிலிருந்து வரும் அச்சம் அது, மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப்பள்ளிகளின் 2,342 மாணவர்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியிடம் மட்டும் அந்தக் கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்து இரு பகுதியினரிடமும் கேட்டு ஒப்பிட்டார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, முதலில் கேட்கப்பட்டவர்களிடம் மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களிடமும் கேள்வியால் கேடு விளையவில்லை.

கேட்கலாம். ஆனால் பெயரில்லாத தாளில் 'ஆமாம்' போட்ட பிள்ளையைத் தேடிப் பிடிக்கவும் முடியாது, பிடிக்கவும் கூடாது, பிடித்தால் அடுத்த முறை எவரும் உண்மை எழுத மாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு உதவி போய்ச் சேரும் வழியைக் கேள்வி கேட்பதற்கு முன்பே அமைத்திருக்க வேண்டும். மதிப்பெண் போடாத, பெற்றோரிடம் உடனே சொல்லிவிடாத ஓர் ஆலோசகர் பள்ளியில் எந்தெந்த நாள், எந்த அறையில் இருப்பார் என்று மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு எந்நேரமும் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணையும் ஆலோசகரின் நேரத்தையும் கிழித்தெடுக்கும் துண்டாக அச்சிட்டு, எழுதிய எல்லாரையும் அதைக் கிழித்துப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். எல்லார் பையிலும் அந்தத் துண்டு இருந்தால், யாருக்கு அது தேவைப்பட்டது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது.